டர்போ கார் வாங்கிய தம்பிகளுக்கு: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. மதுரை அழகர்கோயில் ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில் ஆறு கார்கள் வரிசையாக நின்றன. எல்லாம் இருபத்தைந்து வயதுப் பையன்கள். ஒருவன் பானெட்டைத் திறந்து வைத்து மற்றவர்களுக்கு ஏர் ஃபில்டரைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"இன்ஜின் பவரைக் கூட்ட ஸ்டேஜ் ஒன் போட்டாச்சுண்ணே. ஒத்தக்கடை தாண்டி மிதிச்சா சும்மா பறக்குது. அடுத்த வாரம் கொடைக்கானல் போறோம்."

"நல்லது தம்பி. பிரேக் ஆயில் எப்ப மாத்துனீங்க?"

"லெவல் கரெக்டா இருக்குண்ணே."

எனக்கு டீ கசந்துவிட்டது. பத்து வருடத்துக்கு முன் இதே பதிலை இதே மிதப்போடு நானும் சொல்லியிருக்கிறேன். அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். குடித்துவிட்டு ஓட்டாதே, சீட் பெல்ட் போடு, செல்போன் பேசாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாமல் யாரும் லைசென்ஸ் வாங்கவில்லை. ஆசையோடு கார் வாங்கி, காசு செலவழித்து, நல்லது என்று நினைத்தே செய்கிற தவறுகள்தான் இவை.

டயரில் பட்டனை மட்டும் பார்ப்பது

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் குனிந்து டயரின் பட்டனை (ரோட்டில் படுகிற மேடு பள்ளத்தை) பார்ப்பார்கள், நகத்தால் ஒரு கீறு கீறுவார்கள், "டயர் எழுபது பர்சென்ட் இருக்கு" என்பார்கள். பக்கவாட்டில் ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். அதைப் படிக்கிறவர்கள் குறைவு. 3518 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 35-வது வாரம் செய்த டயர். நம்ம ஊர் வெயிலில் வாசலிலேயே நின்று கிடக்கும் கார்களில் பட்டன் தேயாது, ரப்பர் கெட்டித்துப்போகும். விரலால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். காய்ந்த ரோட்டில் ஒன்றும் தெரியாது. முதல் மழைக்கு, ரோட்டில் தூசியும் ஆயிலும் கலந்து வழவழவென்று இருக்கும்போதுதான் தெரியும். எனக்கு அது தெப்பக்குளத்தைச் சுற்றி வரும்போது தெரிந்தது. கார் கிழக்கே திரும்ப வேண்டியது, கொஞ்ச தூரம் தெற்கே போய்விட்டு அப்புறம் திரும்பியது. நல்லவேளை, எதிரே ஆட்டோ இல்லை.

ஐந்து வயதைத் தாண்டிய டயரை வருடா வருடம் கழற்றிக் காட்டுங்கள். பக்கவாட்டில் முடி மாதிரி வெடிப்பு தெரிந்தால் பட்டனை மறந்துவிட்டு மாற்றுங்கள்.

காற்று விஷயமும் இதோடு சேர்ந்தது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் எவ்வளவு காற்று என்று போட்டிருக்கும். அது டயர் குளிர்ந்து இருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு. ஏறக்குறைய ஐந்தரை டிகிரி சூடு ஏறினால் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ கூடும். பையன்கள் நாலுவழிச் சாலையில் மேலூர் வரை மிதித்துவிட்டு வந்து பங்க்கில் பார்க்கிறார்கள், நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுகிறது, இறக்கிவிடுகிறார்கள். மறுநாள் காலையில் அந்த டயர் நான்கு பிஎஸ்ஐ குறைவு. காற்று குறைந்த டயர் மடங்கி மடங்கி உருளும், அதனாலேயே சூடேறும், வெடிக்கும். சூட்டில் கூடிய காற்றைத் தொடாதீர்கள்.

"லெவல் கரெக்டா இருக்கு"

இப்போது என் கதை. 2016 மே மாதம். செகண்ட் ஹேண்டில் ஒரு சிவப்பு டர்போ ஹேட்ச்பேக், ஐந்து வயது. வாங்கிய மூன்று மாதத்தில் புகைபோக்கி மாற்றினேன், ஏர் ஃபில்டர் மாற்றினேன், அலாய் மாற்றினேன். கொடைக்கானல் போவதற்கு ஒரு வாரம் முன் ஒரு பட்டறையில் ஜெனரல் செக்கப்புக்கு விட்டேன். பில்லில் பதினெட்டு வரி. ஒவ்வொன்றுக்கும் நேரே டிக். "பிரேக் ஆயில், ஓகே" என்று ஒரு வரி. அந்த பில் இன்னும் என் கிளவ் பாக்ஸில் இருக்கிறது. கோபம் குறையும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

ஏறும்போது சொர்க்கம். திரும்பும்போது மதியம். வண்டியில் மனைவி, மச்சினன், இரண்டு பிள்ளைகள். சில்வர் கேஸ்கேடு தாண்டி, பெருமாள்மலை தாண்டி, முன்னால் போகிற வேனை ஒட்டி ஒட்டி, கால் பிரேக்கிலேயே இருக்க இறங்கிக்கொண்டிருந்தேன். மச்சினன் பின்னாலிருந்து கேட்டான்: "மாமா, ஏதோ கருகுற வாடை வருது."

"முன்னாடி போற வேன் மாப்ள."

அது வேன் இல்லை. டம்டம் பாறைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் தரை வரை போனது. பஞ்சை மிதித்த மாதிரி இருந்தது. திரும்பத் திரும்ப மிதித்தேன். மூன்றாவது மிதியில் கொஞ்சம் பிடித்தது. இரண்டாவது கியருக்கு இழுத்தேன், ஹேண்ட் பிரேக்கைத் தூக்கினேன், பள்ளத்துப் பக்கம் போகாமல் மலையோரச் சாக்கடையில் வண்டியை இறக்கினேன். முன் சக்கரம் மடங்கியது, ரேடியேட்டர் உடைந்தது. யாருக்கும் அடி இல்லை. செலவு அறுபத்தெட்டாயிரம். என் மனைவி அதற்குப் பிறகு இரண்டு வருடம் மலைக்கு என்னோடு வரவில்லை. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எரிச்சல் எங்கே என்றால், ஒரு மணி நேரம் கழித்து இழுவை வண்டி வந்தபோது பெடலை மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது! மதுரைக்குக் கொண்டுவந்து பட்டறையில் காட்டினால், "பிரேக் நல்லாத்தானே சார் இருக்கு, நீங்க பதட்டத்துல மிதிச்சிருக்க மாட்டீங்க" என்றார்கள்.

நடந்தது இதுதான். நாம் ஆயில் என்று சொல்கிறோமே தவிர, அது எண்ணெய் கிடையாது. காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சுகிற ஒரு ரசாயன திரவம். பிரேக் ஆயில் டேங்கின் மூடித் துளை வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் வருடக்கணக்கில் ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தரத்துத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் தரக் கணக்குப்படியே அது 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205-லிருந்து 140. கொதித்தால் ஆவிக் குமிழி. திரவத்தை அழுத்தினால் அது சுருங்காமல் பிரேக் பேடைத் தள்ளும். ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும், பேடு நகராது. ஆறியதும் குமிழி திரும்ப திரவமாகிவிடும், பெடல் கெட்டியாகிவிடும், பட்டறைக்காரர் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

மலை இறக்கத்தில் எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம், வத்தலக்குண்டு அடிவாரம் 300 சொச்சம். ஆளோடு சேர்த்து 1,300 கிலோ கார் அந்த உயரத்தை இறங்கும்போது விடுகிற சக்தி, முப்பது டிகிரி தண்ணீர் எழுபது லிட்டரைக் கொதிக்க வைக்கும். அதில் ஒரு பங்கு காற்றில் போகும். மிச்சத்தை இன்ஜினிடம் கொடுக்கிறீர்களா, நான்கு சக்கர பிரேக்கிடம் கொடுக்கிறீர்களா என்பது உங்கள் கியரில் இருக்கிறது. எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்று பழைய பஸ் டிரைவர்கள் சொன்னது இதைத்தான். ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிற தம்பிகள் டி-யிலேயே விட்டு இறங்குகிறார்கள். கியர் பெட்டி பெட்ரோல் மிச்சம் பிடிக்க மேல் கியருக்குப் போய்விடும், இன்ஜின் பிடிக்காது. மேனுவல் மோடுக்குத் தள்ளி இரண்டில், மூன்றில் வையுங்கள்.

நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் சொல்கிற மாமாக்கள் இருக்கிறார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் அடிப்பதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குச் செலவாகும். மிச்சமும் இல்லை, பிரேக்கும் இல்லை.

சரி, லெவல். பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப டேங்கில் லெவல் இறங்கும். அப்படி இறங்குவது பேடு தேய்ந்ததற்கான சாட்சி. அதைப் பார்த்ததும் பட்டறைப் பையன் புட்டியை எடுத்து ஊற்றி லெவலை ஏற்றிவிடுவான். சாட்சியையும் கலைத்தாகிவிட்டது, உள்ளே இருக்கிற பழைய ஈரமும் அப்படியே இருக்கிறது. என் பில்லில் இருந்த அந்த டிக் இந்த ஊற்றலுக்குத்தான்.

என்ன செய்ய வேண்டும்? கிலோமீட்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். டேங்கின் மூடியிலேயே எந்தத் தரம் என்று எழுதியிருக்கும். டாட் 5.1 போடலாமா என்று கேட்பார்கள். டாட் 4 கேட்கும் பெரும்பாலான வண்டியில் போடலாம். ஆனால் டாட் 5 என்பது சிலிக்கான், வேறு ஜாதி. பெயர் பார்த்து ஏமாந்து கலந்துவிடாதீர்கள். உங்கள் கண் முன்னால் சீல் உடைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதமாக ஷெல்ஃபில் திறந்து கிடக்கும் அரைப் புட்டி உங்கள் பழைய ஆயிலைவிடப் பெரிதாக நல்லதாக இருக்காது. நான்கு சக்கரத்திலும் பழையது போய் புதியது தெளிவாக வரும்வரை இறக்கச் சொல்லுங்கள். ஈரம் பார்க்கிற பேனா மாதிரி ஒரு கருவி இருக்கிறது, அதை வைத்துப் பார்க்கிற பட்டறை கிடைத்தால் விடாதீர்கள். நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. தெளிவாக இருக்கிற ஆயிலிலும் தண்ணீர் இருக்கும். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பெயிண்ட் உரியும்.

இறக்கத்தில் வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு விடும். ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் கியரில் போட்டு சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அரை மணி நேரம் பஜ்ஜி சாப்பிடுங்கள். காலைப் பிரேக்கிலேயே தேய்த்துக்கொண்டு வராமல், அழுத்தி ஒருமுறை பிடித்து, விட்டு, ஆறவிட்டு இறங்குங்கள்.

இத்தனைக்கும் ஆகிற செலவு, கூலியோடு, அந்த டீக்கடைத் தம்பி ஏர் ஃபில்டருக்குக் கொடுத்ததில் பாதிகூட வராது.

ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துவது

வெட்டாதீர்கள்.

ரீமேப் முதலில், மற்றது பிறகு

ரீமேப் என்றால் இன்ஜினின் கம்ப்யூட்டர் கணக்கை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது. இந்த வரிசை தலைகீழ். டயர், பிரேக், சஸ்பென்ஷன் புஷ், இன்ஜின் மவுண்ட், அப்புறம்தான் சக்தி. கிளட்ச்சும் கியர்பாக்ஸும் எவ்வளவு டார்க் (சுழற்றும் விசை) தாங்கும் என்று கேட்காமல் ரீமேப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகளில் வருகிற ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு 250 நியூட்டன் மீட்டர்தான் வரம்பு. அதை ஒட்டிப் போய்விட்டு கோரிப்பாளையம் சிக்னலில் ஊர்ந்து நின்றால் கிளட்ச் என்ன செய்யும்? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றுவதைப் பற்றிப் பேசுகிறது என்பதும், கிளெய்ம் வரும்போது இன்சூரன்ஸ் சர்வேயர் பானெட்டைத் திறப்பார் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மிதித்த கையோடு அணைப்பது

டர்போ வண்டியை விரட்டி வந்து வாசலில் டப்பென்று அணைக்காதீர்கள். டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளும் விசிறி. இன்ஜின் ஆயில் ஓட்டம் நின்றால் டர்போவின் சூட்டில் ஆயில் கருகும். வீட்டுக்குக் கடைசி ஒரு கிலோமீட்டர் மெதுவாக வாருங்கள், போதும்.

நத்தம் மேம்பாலம்

7.3 கிலோமீட்டர், 2023-ல் திறந்தது, இரவில் காலியாக இருக்கும். ஆசை வரும். 140-ல் போனால் நொடிக்கு 39 மீட்டர்; கண் பார்த்து கால் பிரேக்குக்கு வருவதற்குள் அது போய்விடும். 70-ல் நிற்கிற தூரத்தைப் போல நான்கு மடங்கு தூரம் பிரேக்குக்கு வேண்டும். முன்னால் பெட்ரோல் தீர்ந்து லைட் இல்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாது. வாடிப்பட்டிக்கு இந்தப் பக்கம் நாலுவழிச் சாலையில் விடியற்காலையில் ஒரு கிடை ஆடு மொத்தமும் மீடியனைத் தாண்டியதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு 80-ல் வந்தேன், நின்றேன். மேய்ப்பவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேகம் வேண்டுமென்றால் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஃபார்முலா மாருதி ரேஸ் வண்டிகளை உருவாக்கிய கரிவரதன் பெயரில் அமைந்த ரேஸ் தளம். இன்னும் தூரம் போனால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தளம். பொதுமக்களுக்கு நாள் விடும்போது விசாரித்துக்கொண்டு போங்கள். பத்து சுற்று சுற்றினால் உங்கள் பிரேக் ஆயிலின் வயது உங்களுக்கே தெரிந்துவிடும். அங்கே தளத்தை விட்டு ஓடினாலும் பிழைக்க மணல் இருக்கிறது.

கால்மிதி

கொக்கியில் மாட்டாத ரப்பர் மேட்டு நகர்ந்து பெடலுக்கு அடியில் போகும். கழுவிய பின் சரியாக மாட்டுங்கள்.

அந்த டீக்கடைத் தம்பி புதன்கிழமை பிரேக் ஆயில் மாற்ற வண்டியைக் கொண்டுவந்தான். பழைய ஆயிலை இறக்கும் நிப்பிளைத் திறந்ததும் ஆயில் பருத்திப்பால் நிறத்தில் வந்தது. புட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம வண்டிலருந்தாண்ணே வருது?" என்றான்.