ஒரே ஷெட்ல நாலு பேர் ஏர்பிரஷ் அடிக்கறப்போ பண்ணக்கூடாத தப்புங்க

பாலக்காடு மாவட்டத்துல கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் ஒரு ஷெட்டை நாலஞ்சு பேர் சேந்து வாடகைக்கு எடுத்து, ஒரே கம்ப்ரசர் ஒரே எக்ஸாஸ்ட் ஃபேன்னு ஏர்பிரஷ் (காத்தழுத்தத்துல பெயிண்ட நைசா தெளிக்கற பேனா மாதிரி கருவி) வேலை பாக்கறவங்களுக்காக இத எழுதறேன். 2022 அக்டோபர்ல வடக்கஞ்சேரி பஸ் விபத்துக்கு அப்புறம் டூரிஸ்ட் பஸ் எல்லாம் வெள்ளையாத்தான் இருக்கணும்னு கேரளாவுல கண்டிப்பாக்கிட்டாங்க, பஸ்ல படம் அடிச்சவங்களுக்கு ஹெல்மெட், பைக் டேங்க், சிலைன்னு சின்ன வேலைங்கதான் மிச்சம், அதுக்கு தனி ஷெட் எடுத்தா கட்டுப்படியாகாது. சேந்து இருக்கறது நல்லதுதான். ஆனா நீங்க கழுவாம வெச்ச பெயிண்ட் கப்பும் மூடாம வெச்ச தின்னரும் (பெயிண்ட கரைக்கற திரவம்) அடுத்து வர்றவர் தலையிலதான் விடியும்.

முதல்ல தின்னர் பாட்டில். கூல்டிரிங்ஸ் பாட்டில்ல, தண்ணி பாட்டில்ல தின்னர் ஊத்தி வெக்கறத தயவுசெஞ்சு இன்னிக்கே நிறுத்துங்க. ஷெட்டுக்கு குழந்தைங்க வரும், வெயில்ல வந்த டெலிவரி பையன் தாகத்துக்கு எடுத்து வாயில வெப்பான், தின்னரும் பாக்க தண்ணி மாதிரியேதான் இருக்கும். அப்படி யாராவது குடிச்சுட்டா விரல விட்டு வாந்தி எடுக்க வெக்காதீங்க, வாந்தி வர்றப்போ தின்னர் நுரையீரலுக்குள்ள இறங்கினா நிலைமை இன்னும் மோசமாகும். அந்த பாட்டிலையும் கையோட எடுத்துட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. தின்னர் வந்த டின்லயே இருக்கட்டும், இல்லன்னா உலோக கேன்ல பேர் எழுதி வைங்க.

அடுத்தது மாஸ்க். கொரோனா டைம்ல வாங்கின என்95 தூசியையும் துளியையும்தான் தடுக்கும், தின்னர் ஆவி அதுல நேரா உள்ள வந்துடும். ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் (தின்னர் மாதிரி ஆவிய பிடிச்சு வெக்கற டப்பி) போட்ட, மூக்கையும் வாயையும் மூடற ஹாஃப் மாஸ்க் வேணும், அதுக்கு முன்னாடி தூசி ஃபில்டரும் வேணும். தாடி இருந்தா ஓரத்துல கசியும். வேலை முடிஞ்சு மாஸ்க்கை ஆணியில தொங்கவிட்டுட்டு போனா, ஷெட் காத்துல இருக்கற ஆவிய இழுத்து இழுத்தே கார்ட்ரிட்ஜ் வீணா தீந்துபோகும், ஜிப் கவர்ல போட்டு மூடி, பிரிச்ச தேதிய மேல எழுதி வைங்க. "நான் அடிக்கறது தண்ணி பெயிண்ட் தானே"ன்னு சும்மா உக்காராதீங்க, ஏர்பிரஷ் பொகை அவ்வளவு நைசானது, தண்ணி பெயிண்டா இருந்தாலும் மூச்சோட நெஞ்சுக்குள்ள போகும். மஞ்சள், ஆரஞ்சு கலர் வாங்கறப்போ ஈயம் இருக்கான்னு லேபிள பாருங்க. வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்குல 90 பங்கு) மேல இருக்கக்கூடாதுன்னு 2017 நவம்பர்ல இருந்து விதி இருக்கு, ஆனா அது இண்டஸ்ட்ரியல் பெயிண்டுக்கு இல்ல.

ஹார்டனர் (பூச்ச இறுக வெக்கற திரவம்) கலக்கற 2கே கிளியர் கோட், அதாவது மேல அடிக்கற ரெண்டு பாக பளபளப்பு பூச்சு பத்தி கொஞ்சம் கறாராவே சொல்றேன். அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட்டுங்கற கெமிக்கல் இருக்கும், அது மூக்குக்கு தெரியறதுக்கு முன்னாடியே ஆபத்தான அளவ தாண்டிடும், அதனால "வாசனையே வரல, மாஸ்க் நல்லா வேலை செய்யுது"ங்கற கணக்கு இங்க ஒதவாது. ஒடம்பு ஒரு தடவ அதுக்கு அலர்ஜியாயிட்டா அப்புறம் துளி பட்டாலே ஆஸ்துமா இழுக்கும், தொழிலையே விடற மாதிரி ஆகலாம். பக்கத்து டேபிள்ல மாஸ்க் இல்லாம மணல் பேப்பர் போட்டுட்டு இருக்கற தம்பிக்கும் அதே காத்துதான். வெளிக்காத்து குழாய்ல வர்ற மாஸ்க்கும் தனி பூத்தும் இல்லாத ஷெட்ல 2கே வேண்டாம், கிளியர் மட்டும் கார் பெயிண்ட் பூத் இருக்கற இடத்துல குடுத்து அடிச்சு வாங்குங்க.

எக்ஸாஸ்ட் ஃபேன் வெக்கறப்போ நம்ம ஊர் காத்த யாரும் யோசிக்கறதில்ல. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பாலக்காட்டு கணவாய் வழியா மேக்க இருந்து காத்து தள்ளும், மார்கழி தை மாசத்துல கெழக்க இருந்து அடிக்கும். மேக்கு செவுத்துல ஃபேன் வெச்சா ஆடி மாசம் பொகை எல்லாம் திரும்ப உள்ளதான் வரும், கெழக்குல வெச்சா மார்கழியில அதே கதை. கூரைக்கு மேல குழாய் ஏத்தி தொப்பி போட்டு விடறதுதான் சரி. அப்புறம் தின்னர் ஆவி காத்த விட கனம், தரையோட தவழ்ந்து போய் தூரத்துல இருக்கற பொறியிலயும் பத்திக்கும். பல தின்னர்ல இருக்கற டொலுயீன் 4 டிகிரி செல்சியஸ்லயே தீப்பிடிக்கற அளவுக்கு ஆவி விடும், நம்ம சித்திரை வெயில் எந்த மூலைக்கு. அதனால ஸ்ப்ரே நடக்கறப்போ அதே ஷெட்ல கிரைண்டர், வெல்டிங் கூடவே கூடாது, ஃபேன் மோட்டார் பொகை போற வழியில இருக்கக்கூடாது, கம்ப்ரசர் ஸ்விட்சும் ஆன் ஆஃப் ஆகறப்போ பொறி விடும்கறதால அத தள்ளி வெச்சு நீள ஹோஸ் போட்டுக்கோங்க. தொடச்ச துணிய மூடி உள்ள தகர டப்பாவுல போடுங்க.

கழுவறதுலதான் சண்டையே வரும். தண்ணி அக்ரிலிக் பெயிண்ட் அடிச்ச கப்ல மிச்சம் இருக்கறப்போ அடுத்தவர் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் ஊத்தினா அது உள்ளயே கட்டியாகி நாசில (பெயிண்ட் வெளிய வர்ற நுனி ஓட்டைய) அடைச்சுக்கும். தண்ணி பெயிண்டுன்னா முதல்ல தண்ணியில அலசணும், கடைசியா என்ன அடிச்சோம்னு ஒரு டேப்ல எழுதி கைப்பிடியில ஒட்டிட்டு போகணும். முழு பிரஷ்ஷையும் தின்னர்ல ராத்திரி பூரா ஊறப் போட்டா ரப்பர் ஓ-ரிங் (காத்து கசியாம இருக்க போட்ட வளையம்) ஊதி காத்து கசியும். நீடில (நாசில் நடுவுல இருக்கற ஊசிய) பின்பக்கமா உருவுங்க, திரும்ப போடறப்போ முட்டுனதும் நிறுத்துங்க, அழுத்துனா 0.2, 0.3 மி.மீ. நாசில் வாய் விரிஞ்சு போயிடும், அப்புறம் கோடு போட்டா சிதறும். நாசில வெரலால இறுக்கிட்டு ஸ்பேனர்ல லேசா ஒரு தொடு போதும். சிலிக்கான் ஸ்ப்ரே, பைக் பாலிஷ் ரெண்டையும் பெயிண்ட் அடிக்கற எடத்துகிட்டயே கொண்டுவராதீங்க, பெயிண்ட்ல குழி குழியா விழும், யார் கொண்டுவந்தாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியாது. அடைப்ப எடுக்கறேன்னு நாசில மூஞ்சிக்கு நேரா பிடிச்சு ட்ரிக்கர அமுக்கறதும், நாசில் வாய வெரலால அடைச்சு ஃபுல் பிரஷர்ல கப்ல குமிழி விடறதும் கண்ணுக்கு ஆபத்து, பிரஷர கொறச்சு, துணி வெச்சு, கண்ணாடி போட்டுட்டு பண்ணுங்க.

கம்ப்ரசர் டேங்க்ல சேர்ற தண்ணிய தெனமும் யார் திறந்து விடறதுன்னு பேர் போட்டு செவுத்துல எழுதுங்க. மழை மாசத்துல ஈரக்காத்து அதிகம், விட்டா தண்ணி ஹோஸ் வழியா வேலை மேல துப்பும், டேங்க்கும் உள்ளுக்குள்ள துரு பிடிச்சு மெலிசாகும். மாய்ஸ்சர் ட்ராப்ப (காத்துல இருக்கற தண்ணிய பிடிக்கற டப்பிய) கம்ப்ரசர் வாய்கிட்ட மட்டும் வெக்காம, காத்து ஆறுனதுக்கு அப்புறம், ஹோஸ் முடியற பக்கத்துல இன்னொண்ணு வைங்க. பிரஷர் எகிறினா காத்த வெளிய விடற சேஃப்டி வால்வு வளையத்த அப்பப்போ இழுத்துப் பாருங்க, காத்து சீறலன்னா அத மாத்தற வரைக்கும் கம்ப்ரசர ஆன் பண்ணக்கூடாது, எவ்வளவு அவசர ஆர்டரா இருந்தாலும் சரி.