பழைய அவுட்போர்டுக்குப் புது புரொப்பெல்லர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் வெளியே மாட்டும் மோட்டார், பழசாக இருந்தால் அதற்குப் புரொப்பெல்லர் மாற்றும் புதியவர்கள் பலரும் ஒரே மாதிரித் தவறுகளில்தான் சறுக்குகிறார்கள். சுழலும் திசை மாறிப்போவது, ஷாஃப்ட்டின் பல் எண்ணிக்கை பொருந்தாமல் போவது எல்லாம் மாட்டும்போதோ முதல் ஓட்டத்திலோ தெரிந்துவிடும். மாட்டி ஓட்டிய பிறகும் தெரியாத தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

வேகத்துக்காகப் பிட்சைக் கூட்டுவது

புரொப்பெல்லரில் 13 × 19 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது விட்டம், அடுத்தது பிட்ச். இரண்டுமே அங்குலக் கணக்கு. நீரில் வழுக்காமல் ஒரு சுற்று சுற்றினால் எவ்வளவு தூரம் முன்னே போகுமோ அதுதான் பிட்ச். அப்படியானால் பிட்ச் கூடினால் வேகமும் கூடுமே என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். அதைச் சுற்றும் தெம்பு மோட்டாருக்கு வேண்டாமா? பிட்ச் ஓர் அங்குலம் ஏறினால் முழு த்ராட்டிலில் சுமார் 150 முதல் 200 ஆர்பிஎம் இறங்கும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கு 13 பிட்சைக் கழற்றிவிட்டு 17 போட்டார். தனியாளாகப் போனபோது படகு நன்றாகத்தான் ஓடியது. டேங்க் நிறைய பெட்ரோலும் நாலு பேரும் ஏறியதும் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, தண்ணீருக்கு மேலே எழவே இல்லை. த்ராட்டிலை முழுக்கத் திறந்தும் 4200 ஆர்பிஎம்தான். அந்த மோட்டாருக்குக் கையேடு சொன்னது 5000 முதல் 5500. மேட்டில் டாப் கியரில் ஏறுவது போன்ற ஓட்டம் அது. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறி, எரிபொருள் தாறுமாறாக வெடிக்க ஆரம்பிக்கும். சத்தம் அமைதியாக இருப்பதால் மோட்டார் சுகமாக ஓடுகிறது என்றே தோன்றும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போல வெள்ளிப் பொட்டுகள். அத்தனையும் பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். புரொப்பெல்லர் வாங்கியதைப் போலப் பல மடங்கு செலவு வைத்தது அந்தப் பிஸ்டன். இதை முன்கூட்டியே சொல்லியும் "ஓடுதே அண்ணா" என்று சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? வழக்கமாக ஏற்றும் சுமையோடு முழு த்ராட்டிலில் ஓட்டுங்கள். ஆர்பிஎம் கையேட்டு வரம்பின் மேல்பாதியில் வர வேண்டும். குறைந்தால் பிட்சைக் குறையுங்கள். வரம்பைத் தாண்டினால் கூட்டுங்கள். அதற்கு முன் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள். புரொப்பெல்லர் அட்டவணையில் இருக்கும் பிட்ச் புது மோட்டாருக்கானது. தேய்ந்த மோட்டார் அதை இழுக்காமல் போகலாம்.

டாக்கோமீட்டரை நம்புவது

ஆர்பிஎம் காட்டும் பல டாக்கோமீட்டர்களின் பின்புறம், ஆல்டர்னேட்டரில் இருக்கும் காந்த முனைகளின் (pole) எண்ணிக்கைக்கு ஏற்ப வைக்க ஒரு திருகு இருக்கும். அது தவறான இடத்தில் நின்றால் காட்டும் எண்ணே பொய். 12 முனை உள்ள மோட்டாருக்கு 6 என்று வைத்திருந்தால் இரட்டிப்பாகக் காட்டும்.

கழற்றியதில் இருக்கும் எண்ணையே வாங்குவது

முன்பு வைத்திருந்தவர் சரியாகத்தான் போட்டார் என்று யார் சொன்னது?

நடு ரப்பரைப் பார்க்காமல் விடுவது

மோட்டார் சீறுகிறது, படகு நகரவில்லை என்றால் பிட்சைக் குற்றம் சொல்லாதீர்கள். நடுவில் இருக்கும் ரப்பர் ஹப் வயதாகி வழுக்கினாலும் இப்படித்தான் ஆகும். ஹப்பின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் சேர்த்து நேராக ஒரு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். திரும்பி வரும்போது கோடு விலகியிருந்தால் ரப்பர் போய்விட்டது.

ஷியர் பின்னுக்குப் பதில் ஆணி

வேண்டவே வேண்டாம். புரொப்பெல்லர் எதிலாவது மோதினால் உடைய வேண்டியது அந்தச் சிறு ஷியர் பின்தான். அது உடையாவிட்டால் கியர் உடையும்.

த்ரஸ்ட் வாஷரை மறப்பது

புரொப்பெல்லருக்கு முன்னால் ஷாஃப்ட்டில் இருக்கும் இந்த வளையம்தான் உந்துவிசையை ஷாஃப்ட்டுக்குக் கடத்துகிறது. பழைய புரொப்பெல்லரின் உள்ளே ஒட்டிக்கொண்டு அதோடேயே குப்பைக்குப் போய்விடும். இல்லாமல் மாட்டினால் ஹப் கியர்கேஸை உரசித் தின்னும். கழற்றும்போதே வரிசையாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஷாஃப்ட்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் (seal) அதனால் அறுந்தால் கியர் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் நிறமாகும். ஷாஃப்ட்டின் பற்களில் நீர் புகாத கிரீஸ் தடவி, நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின்னைப் புதிதாகப் போட்டு மாட்டுங்கள்.