ஆங்கிலோ-சாக்சன் உழவு பற்றிக் கட்டுரை: பிள்ளையைத் திட்டமிட வைப்பது எப்படி

இங்கிலாந்தில் படிக்கும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ஆங்கிலோ-சாக்சன் (பழைய இங்கிலாந்தில் குடியேறி வாழ்ந்த மக்கள்) விவசாயம் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னால், இணையத்தில் கிடைத்த பத்தியைச் சொல் மாற்றி எழுதிக்கொண்டு வந்துவிடும். சோம்பல் என்று திட்ட வேண்டாம். எந்தச் செய்தி எங்கே போகும், எதை விட்டுவிடலாம் என்று முடிவெடுக்க யாரும் பழக்கவில்லை, அவ்வளவுதான். அதைப் பழக்க 40 நிமிட அமர்வுகள் இரண்டு போதும். எழுத்து மூன்றாவது நாளுக்கு.

முதலில் காலத்தையும் இடத்தையும் கட்டிப்போடுங்கள்: 5-ஆம் நூற்றாண்டிலிருந்து 1066 வரை, இங்கிலாந்து. இதைச் செய்யாவிட்டால் உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் வான்கோழியும் கட்டுரைக்குள் புகுந்துவிடும். மூன்றும் அமெரிக்காவிலிருந்து பிற்பாடு வந்தவை. தமிழ் வீட்டுப் பிள்ளை என்றால் வயல் என்றதும் நெல்லும் வரலாம்.

அடுத்து சீட்டு. ஏ4 தாள் மூன்றை எட்டெட்டாக மடித்துக் கிழித்தால் 24 கிடைக்கும். ஒரு சீட்டுக்கு ஒரே செய்தி. ஆறு சொல்லைத் தாண்டக் கூடாது, முழு வாக்கியமும் கூடாது. வாக்கியமாக எழுதிவிட்டால் அது அப்படியே கட்டுரையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘பார்லி – ரொட்டி, ஏல் மது’, ‘பன்றி – காட்டில் ஓக் கொட்டை’, ‘செம்மறி – கம்பளி, பால், பாலாடைக்கட்டி’, ‘தேனீ – தேன், மெழுகு’ என்ற அளவு போதும். எங்கிருந்து எடுத்தது என்பதைப் பின்பக்கம் குறிக்கட்டும்.

இப்படிப்பட்ட பொதுச் செய்திகள் மட்டும் இருந்தால் கட்டுரை சப்பென்று இருக்கும். நான்கைந்து சீட்டிலாவது ஆளோ, ஆண்டோ, எண்ணோ வேண்டும். தென் இங்கிலாந்தில் இருந்த வெசெக்ஸ் நாட்டின் அரசர் ஐனியின் சட்டம் ஒன்று: குடியானவன் தன் மனையைக் கோடையிலும் குளிரிலும் வேலியிட்டு வைக்க வேண்டும், வேலியின்றி அண்டை வீட்டு மாடு உள்ளே வந்தால் நட்டஈடு கிடையாது. பீட் என்ற துறவி 725-இல் எழுதியது: மே மாதத்துக்கு ‘மூன்று முறை கறக்கும் மாதம்’ என்று பெயர், மாடுகள் நாளுக்கு மூன்று வேளை கறந்ததால். எல்லாவற்றையும்விடச் சிறந்தது, 1000-ஆம் ஆண்டையொட்டி எல்ஃப்ரிக் என்ற துறவி லத்தீன் கற்பிக்க எழுதிய உரையாடல். அதில் உழவன் பேசுகிறான்: விடியலில் எருதுகளை ஓட்டிப் போக வேண்டும், நாளுக்கு ஒரு ஏக்கராவது உழுதாக வேண்டும், தார்க்குச்சியோடு கூடவரும் பையனுக்குக் குளிராலும் கூச்சலிட்டதாலும் தொண்டை கட்டிவிட்டது, தான் சுதந்திர மனிதன் அல்ல.

இரண்டாம் அமர்வில் சீட்டுகளைத் தரையில் பரப்புங்கள். தலைப்பை நீங்கள் கொடுத்துவிடாதீர்கள். ஒன்றோடொன்று சேர்வதைக் குவியலாக்கச் சொல்லி, ‘இவை ஏன் ஒன்றாக இருக்கின்றன?’ என்று கேளுங்கள்; அந்தப் பதில்தான் தலைப்பு. ‘எருது – கலப்பை இழுக்க’ என்ற சீட்டில் பிள்ளை திணறும். விலங்குகளோடு வைப்பதா, உழவோடா? இங்கேதான் அவசரப்படாமல் இருக்க வேண்டும். பன்றி, செம்மறிக்குப் பக்கத்தில் வைத்தால் எருது என்ன தந்தது என்று எழுத வேண்டிவரும். உழவோடு வைத்தால், மண்ணைக் கீறும் நம் நாட்டுக் கலப்பை போன்ற பழைய ஏருக்கும், மண்ணைப் புரட்டிப்போடும் கனமான கலப்பைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல வழி பிறக்கும். இரண்டும் சரியே, எதற்காக வைத்தோம் என்று பிள்ளை சொன்னால் போதும். இரண்டு இடத்திலும் வைக்க மட்டும் விடாதீர்கள். கட்டுரையில் ஒரே செய்தி இரண்டு முறை வருவது இப்படித்தான்.

குவியல் நான்குக்கு மேல் போனால் ஒரு பக்கத்தில் அடங்காது. வரிசைக்கு இரண்டே வழி: பொருள்வாரியாக (பயிர், விலங்கு, கருவி, உழைத்தவர்கள்) அல்லது மாதவாரியாக. 11-ஆம் நூற்றாண்டு நாட்காட்டி ஒன்றில் சனவரிக்கு உழவுக் காட்சிதான் வரையப்பட்டிருக்கிறது. மாதவாரியாக எழுத நல்ல தொடக்கம். ஆனால் முதல் முறை எழுதுபவருக்குப் பொருள்வாரிதான் எளிது. இரண்டையும் கலப்பதுதான் பெரும்பாலான திட்டங்கள் குலையும் இடம்.

இனித் திட்டத்தாள். ஒவ்வொரு தலைப்பையும் கேள்வியாக மாற்றி (‘நிலத்தை எப்படி உழுதார்கள்?’), கீழே மூன்று நான்கு சீட்டுகளை ஒட்டி, விளக்க வேண்டிய ஒரு கலைச்சொல்லை ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். அறிமுகத்துக்கு எப்போது, எங்கே, யார் என்ற மூன்று சொல் போதும்.

தாளைக் கவிழ்த்துவிட்டு, ஒவ்வொரு தலைப்பையும் ஒரு நிமிடம் வாயால் சொல்லவையுங்கள், எந்த மொழியிலானாலும் சரி. தடுமாறும் இடத்தில் சீட்டு குறைகிறது. கலர் சீட்டில் கேள்வியாக எழுதி அங்கே ஒட்டிவிட்டுத் தேடட்டும். ‘ஒருநாள் ஓர் உழவன் எழுந்தான்’ என்று கதை கிளம்பினால், ‘ஒருவனா, எல்லாருமா?’ என்று கேட்டாலே ‘உழவர்கள் எழுந்தார்கள்’ என்று திரும்பிவிடும். மிஞ்சும் சீட்டுகளை உறையில் போட்டுவையுங்கள். பிள்ளை அவற்றையும் நுழைக்கப் பார்க்கும், விடாதீர்கள்.