ஆட்டு இதயத்தில் கத்தரி வைக்கும் முன்: இரத்த ஓட்டப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் படிவம் 4 உயிரியல் எடுக்கும் பிள்ளைகள் பலருக்கு இரத்த ஓட்டம் என்பது சிவப்பும் நீலமும் பூசிய ஒரு படம், அவ்வளவுதான். மாட்டு இதயம் பல வீடுகளில் ஆகாது. சந்தையில் ஓர் ஆட்டு இதயம் வாங்கினாலே போதும், படம் உயிர்பெற்றுவிடும். ஆனால் வாங்கும்போதே முதல் தவறு நடந்துவிடுகிறது.

கறிக்குக் கேட்கிறீர்கள் என்று நினைத்துக் கடைக்காரர் இதயத்தைக் கீறி, குழாய்களை ஒட்ட நறுக்கித் தந்துவிடுவார். பாடத்துக்கு அது உதவாது. கீறல் விழாமல், குழாய்களை 3, 4 செ.மீ. விட்டு வெட்டித் தரும்படி முதல் நாளே சொல்லி வையுங்கள். ஐஸ்பெட்டியில் வைத்திருந்தால் முழுக்க இளகட்டும். பாதி உறைந்த இதயம் எந்தப் பக்கம் அமுக்கினாலும் கல்லாகத்தான் இருக்கும்.

அமுக்கிப் பார்ப்பது ஏன் முக்கியம்? படத்தில் இடம் வலம் மாறி இருக்கும் என்று மனப்பாடம் செய்தவர்கள், கையில் இதயம் புரண்டதும் திணறுகிறார்கள். விறைப்பாக, அமுங்காமல் நிற்பது இடக் கீழறை, கூர்முனையும் அதனுடையதே. தளர்ந்து மடிவது வலக் கீழறை. இதற்குக் காரணம் அழுத்தம். மனித இதயம் சுருங்கும்போது இடக் கீழறையில் சுமார் 120 மி.மீ. பாதரசம், வலக் கீழறையில் சுமார் 25 மட்டுமே. வலக் கீழறை இரத்தம் அனுப்பும் நுரையீரல் குழாய்களில் தடை குறைவு, அதற்கு அதுவே தாராளம். இங்கேதான் நல்ல மாணவர்களும் சறுக்குகிறார்கள்: சுவர் தடித்திருப்பதால் இடப்பக்கம் அதிக இரத்தத்தைத் தள்ளுகிறது என்று எழுதிவிடுகிறார்கள். ஓய்வில் ஒரு துடிப்புக்கு இரு பக்கமும் தள்ளுவது ஏறக்குறைய 70 மி.லி. தான். இடப்பக்கம் கொஞ்சம் பின்தங்கினாலும் இரத்தம் நுரையீரலில் தேங்கத் தொடங்கிவிடும்.

அடையாளம் கண்டதும் வெட்டிவிடாதீர்கள். வால்வுச் சோதனை வெட்டாத இதயத்தில்தான் எடுபடும். இடக் கீழறையிலிருந்து புறப்படும் பெருந்தமனிக்குள் இருக்கும் இரத்தக் கட்டிகளை விரலால் எடுத்துவிட்டு, குழாயை நிமிர்த்திப் பிடித்து மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். பிறைவடிவ வால்வு மூடிக்கொள்ளும், தண்ணீர் நிற்கும். மட்டம் மெதுவாக இறங்கினால் வால்வு கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். வால்வுக்குச் சற்று மேலே, இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் தமனிகளின் வாய்கள் இருக்கின்றன. தண்ணீர் அவ்வழியே கசியும். மடமடவென்று இறங்கினால்தான் கத்தி பட்டிருக்கும், அல்லது இரத்தக் கட்டி ஒன்று வால்வில் சிக்கியிருக்கும்.

அதன்பின் கீழறையைத் திறந்தால் வெள்ளை நூல்கள் தெரியும். அவை மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வை இழுத்துத் திறக்கின்றன என்பது விடைத்தாள்களில் அடிக்கடி வரும் பிழை. வால்வைத் திறப்பதும் மூடுவதும் இருபக்க அழுத்த வேறுபாடு. மூடிய வால்வு மேலறைப் பக்கம் புரண்டுவிடாமல் பிடித்து நிறுத்துவது மட்டுமே நூல்களின் வேலை.

ஆடு கிடைக்கவில்லை என்று கோழி இதயத்தை எடுப்பவர்கள், அதில் மூவிதழ் வால்வை (நம் வல மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் இருப்பது) தேடி நேரத்தை வீணாக்குவார்கள். நான்கு அறைகள் உண்டு, ஆனால் வலப்பக்கம் நூல் இல்லாத தசை மடல்தான். பெருந்தமனியும் பறவைகளில் வலப்பக்கம் வளையும், நமக்கு இடப்பக்கம்.

தமனியில் சிவப்பு, சிரையில் நீலம் என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமனி இதயத்திலிருந்து புறப்படுவது, சிரை இதயத்துக்குத் திரும்புவது. நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த இரத்தமே. அதுவும் கருஞ்சிவப்பு, நீலமல்ல.

தீலாப்பியா மீனுக்கு இரண்டறை இதயம், ஒற்றைச் சுற்று. செவுளுக்குப் போன இரத்தம் இதயத்துக்குத் திரும்பி, பிறகு உடலுக்குப் போகிறது என்று எழுதாதீர்கள். செவுளிலிருந்து நேராக உடலுக்குத்தான் போகிறது. செவுளின் நுண்குழாய்களைக் கடப்பதிலேயே அழுத்தம் குறைந்து, லயத்தின் கடைசி வீட்டுக் குழாய்த் தண்ணீர்போல மந்தமாக உறுப்புகளை அடைகிறது. நம்முடையதுபோல் இரத்தம் ஒரு முழுச் சுற்றில் இருமுறை இதயம் வழியே போகும் இரட்டைச் சுற்றின் ஆதாயம் கேட்டால், நுரையீரலிலிருந்து வந்த இரத்தத்தை இதயம் மறுபடி அழுத்தித் தள்ளுகிறது என்ற வரி இல்லாத விடை அரைகுறைதான்.

தவளைக்கு ஒரே கீழறை. அதனால் இரத்தம் முழுக்கக் கலந்துவிடுகிறது என்பதும் மிகை. உள்ளிருக்கும் தசை மடிப்புகளும், கீழறையிலிருந்து புறப்படும் குழாயில் உள்ள சுருள் வால்வும் இருவகை இரத்தத்தையும் ஓரளவு பிரித்தே அனுப்புகின்றன. தோலில் ஆக்சிஜன் ஏற்றிய இரத்தமோ வல மேலறைக்கு வருகிறது! செம்பனைக் காட்டில் எலி தேடும் மலைப்பாம்பின் இதயமும் பெயரளவில் மூன்றறை. சுருங்கும்போது உள்ளே ஒரு தசைமேடு தடுப்பாகி, நுரையீரலுக்குக் குறைந்த அழுத்தத்தையும் உடலுக்குக் கூடிய அழுத்தத்தையும் தருகிறது. தேர்வில் மூன்றறை என்றே எழுதுங்கள்.

செம்பனைக் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுக்கு முதுகோரம் நீண்ட குழாய் இதயம், திறந்த ஓட்டம், அதாவது திரவம் குழாய்களுக்குள் அடங்காமல் உறுப்புகளைச் சூழ்ந்து ஓடும். அதன் உடல் திரவம் சத்துகளைச் சுமக்கிறது. ஆக்சிஜனோ காற்றுக் குழல்கள் வழியே நேராகத் திசுக்களுக்குப் போகிறது. அதற்காக, திறந்த ஓட்டம் எதுவும் ஆக்சிஜனைச் சுமக்காது என்று பொதுவாக எழுதினால் தவறு. இறாலுக்கும் திறந்த ஓட்டமே, ஆனால் அதன் இரத்தத்தில் தாமிரம் கொண்ட ஹீமோசயனின் ஆக்சிஜனை ஏற்றிச் செல்கிறது. விடையில் ‘பூச்சிகளில்’ என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.