எடையும் ஏறக் கூடாது, சீஸும் வேண்டும்: புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

எடையைக் குறைப்பது என்று முடிவெடுத்த அன்றே, வீட்டிலிருந்த சீஸ் கட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை இரவில், விட்டதையெல்லாம் வட்டியும் முதலுமாகச் சாப்பிட்டு முடித்தேன். அதன் பிறகுதான் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி, வழக்கமாகக் "கொஞ்சம்" என்று நினைத்துத் தோசையின் மேல் நான் தூவும் செடார் சீஸை நிறுத்துப் பார்த்தேன். 70 கிராம் இருந்தது. செடாரில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 400 கலோரி உண்டு; ஆகவே அந்தக் "கொஞ்சம்" 280 கலோரி. கிட்டத்தட்ட ஐந்து இட்லியை ஒரே தோசைக்குள் ஒளித்துவைத்து நாள்தோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த 70 கிராமை 20 கிராமாக்கி, அந்த 20 கிராமிலேயே நாக்குக்கு நிறைவு கிடைக்கும்படி செய்வதுதான் இங்கே விளக்கப்படும் முறை. இதற்கு ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் தராசு, மிகச் சிறிய துளைகள் கொண்ட துருவி, பட்டர் பேப்பர், இறுக்கமாக மூடும் டப்பா ஆகியவை போதும். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள், சீஸில் உப்பு அதிகம் என்பதால், தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

படி 1: இப்போது எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று நிறுத்துப் பாருங்கள்

முதல் மூன்று நாள்களுக்கு எதையும் குறைக்க வேண்டாம். தட்டைத் தராசில் வைத்து, எண்ணைச் சுழியமாக்கி, எப்போதும் போலக் கையால் சீஸைத் தூவுங்கள். தூவி முடிக்கும்வரை எண்ணைப் பார்க்காதீர்கள்; பார்த்தால் கை தானாகவே சுருங்கிவிடும். பிறகு வந்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். நின்றபடியே, குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வாயில் போட்டுக்கொள்ளும் துண்டுகளும் இந்தக் கணக்கில் சேரும்.

படி 2: உறையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்

இந்தியாவில் விற்கப்படும் சீஸ் உறைகளில் 100 கிராமுக்கு எவ்வளவு சத்து என்ற அட்டவணை இருக்கும். அதில் கிலோ கலோரி, கொழுப்பு, புரதம், சோடியம் ஆகிய நான்கு வரிகளை மட்டும் பாருங்கள். நாம் பேச்சில் கலோரி என்று சொல்வதும் அட்டவணையில் கிலோ கலோரி என்று இருப்பதும் ஒன்றே. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரியும், ஒரு கிராம் புரதத்தில் 4 கலோரியும் உண்டு என்பது தெரிந்தால், இரண்டு உறைகளைக் கடையிலேயே ஒப்பிட்டுவிடலாம்.

சில உறைகளில் "உலர்பொருளில் கொழுப்பு 50 விழுக்காடு" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். இதைப் படித்துவிட்டுப் பாதிக் கட்டி கொழுப்பு என்று எண்ணி நானே ஒருமுறை சீஸைத் திரும்ப வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அது தண்ணீரைக் கழித்துவிட்டுச் சொல்லும் கணக்கு. செடாரில் ஏறத்தாழ 37 விழுக்காடு தண்ணீர். மீதமுள்ள 63 பங்கில் பாதிதான் கொழுப்பு என்பதால், நாம் உண்மையில் சாப்பிடுவது 100 கிராமுக்கு 31, 32 கிராம் கொழுப்பு. அதுவும் குறைவில்லை, ஆனால் ஐம்பது இல்லை.

உட்பொருள் பட்டியலில் பாம் எண்ணெய் அல்லது வேறு தாவர எண்ணெய் இருந்தால், அது பாலிலிருந்து வந்த சீஸ் இல்லை; சீஸைப் போலச் செய்யப்பட்ட மாற்றுப் பொருள். அதை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. கலோரியைச் செலவழிப்பது என்று ஆன பின், போலிக்கு ஏன் செலவழிக்க வேண்டும்?

படி 3: மணம் மிகுந்த சீஸைத் தேர்ந்தெடுங்கள்

எடையைப் பார்ப்பவர்கள் செய்யும் பொதுவான தவறு, கொழுப்பு குறைந்த, மணமே இல்லாத சீஸை வாங்கி, நாக்குக்கு எட்டவில்லையே என்று மூன்று மடங்கு போட்டுக்கொள்வது. மாறாக, நீண்ட நாள் முதிரவைத்த சீஸில் புரதம் உடைந்து குளுட்டமேட் என்னும் பொருள் வெளிப்படுவதால், நாம் ருசி என்று உணரும் அந்த ஆழம் சிறு அளவிலேயே கிடைத்துவிடுகிறது. இத்தாலியின் பார்மசான் குறைந்தது 12 மாதம் முதிர்ந்தது. அதைக் கடிக்கும்போது பல்லில் நறநறவென்று படும் வெள்ளை மணிகள் டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் படிகங்கள், உப்புக்கல் அல்ல. அதன் விலை கையைக் கடிக்கும் என்பதால், முதிர்ந்த செடாரே பெரும்பாலோருக்குப் போதுமானது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் கோடைக்கானல், குன்னூர், ஆரோவில் ஆகிய இடங்களில் செய்யப்படும் நல்ல சீஸ்களும் கிடைக்கின்றன. கோடைக்கானலில் வாங்கிய கட்டியைப் பையில் வைத்துக்கொண்டு மலைப்பேருந்தில் இறங்கியபோது, முன்னிருக்கைக்காரர் வத்தலக்குண்டு வரை மூக்கைச் சுளித்துக்கொண்டே வந்தார். அவ்வளவு மணம் இருந்தால் 20 கிராம் தாராளம்.

மொசரெல்லா 100 கிராமுக்கு ஏறத்தாழ 300 கலோரிதான். ஆனால் அதன் சிறப்பு இழுபடும் தன்மையே தவிர மணம் இல்லை. ஆகவே பத்து கிராம் மொசரெல்லாவோடு பத்து கிராம் செடாரைக் கலந்தால், ஒன்று நூலாக இழுபடும், மற்றொன்று சுவை தரும். ஃபெட்டாவில் கலோரி 265 அளவில் இருந்தாலும் உப்பு மிகுதி. அதைப் போட்டால் சாலட்டில் வேறு உப்புப் போடாதீர்கள். கிரீம் சீஸ் மென்மையாக இருப்பதால் இலேசானது என்று ஏமாற வேண்டாம். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, புரதமோ ஆறு கிராம் அளவே.

பதப்படுத்தப்பட்ட சீஸ் ஸ்லைஸ் பற்றி எனக்கு இரண்டு மனம். 1911-இல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெர்பரும் ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லரும் சீஸை நீண்ட நாள் கெடாமல் வைத்திருக்கக் கண்டுபிடித்த முறை இது. சோடியம் சிட்ரேட் போன்ற உப்புகளைச் சேர்த்து உருக்கி வார்ப்பதால், சோடியம் கூடுகிறது, மணம் மட்டுப்படுகிறது. அதே சமயம், ஒரு ஸ்லைஸ் பெரும்பாலும் 20 கிராம் என்று அளவு போட்டே வருவதால், தராசு இல்லாதவர்களுக்கு அது ஒரு வசதி. ஒன்றோடு நிறுத்த முடிந்தால் வாங்கலாம்.

பனீர் வேறு வகை. அமிலத்தால் திரிந்தது என்பதால் அது சூட்டில் உருகாது, ஆகவே சீஸுக்கு மாற்றாக அதைத் தோசையில் போட்டு ஏமாறாதீர்கள்; குழம்புக்கும் பொரியலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் செய்தால், எந்தப் பாலில் செய்கிறீர்கள் என்பதே முக்கியம். 3 விழுக்காடு கொழுப்புள்ள, ஆவினில் நீல உறையில் வரும் சமன்படுத்திய பால் ஒரு லிட்டரில் சுமார் 30 கிராம் கொழுப்பு. 6 விழுக்காடு கொழுப்புள்ள முழுக்கொழுப்புப் பாலில் 60 கிராம். கொழுப்பில் பெரும்பகுதி திரட்டிலேயே தங்கிவிடும் என்பதால், பால் உறையை மாற்றினாலே ஏறத்தாழ 270 கலோரி குறைந்துவிடும்.

படி 4: வாங்கிய அன்றே பத்தாகப் பிரியுங்கள்

200 கிராம் கட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், பசியில்லாத நேரமாகப் பார்த்து, சாப்பிட்ட பிறகு, தராசில் வைத்து 20 கிராம் வீதம் பத்துத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி, எல்லாவற்றையும் டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பத்து நாளைக்குப் பத்துப் பொட்டலம். ஒரு பொட்டலம் செடார் என்றால் 80 கலோரி, 5 கிராம் புரதம், ஏறத்தாழ 140 மில்லிகிராம் கால்சியம். ஒருநாள் இரண்டு பொட்டலம் பிரித்தால் தவறில்லை. பத்தாம் நாள் டப்பா காலியாக இருக்கும், அவ்வளவுதான்.

படி 5: குளிரவைத்துத் துருவுங்கள்

நம் ஊர் வெப்பத்தில் சீஸ் துருவியில் ஒட்டிக்கொண்டு களிபோல ஆகிவிடும். எனவே பொட்டலத்தைப் பதினைந்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, தேங்காய்த் துருவல் போல இல்லாமல், இஞ்சி துருவும் அளவுக்கு நுண்ணிய துளைகளில் துருவுங்கள். இருபது கிராம் கட்டி கட்டைவிரல் அளவே இருக்கும். துருவிய பின் அதுவே ஒரு சிறு கிண்ணம் நிறையப் பஞ்சுபோல நிற்கும். கண்ணை ஏமாற்றுவது போலத் தோன்றினாலும், இதில் நாக்குக்கும் உண்மையான ஆதாயம் உண்டு. துருவல் உணவின் பரப்பு முழுவதும் படிவதால் ஒவ்வொரு வாயிலும் சீஸ் வருகிறது. கட்டியாகப் போட்டால் நான்கு வாயில் தீர்ந்துபோகும்.

துருவல் கரண்டியில் படாமல், நேராகத் தட்டில் விழட்டும். சமைக்கும்போதே குழம்பிலோ மாவிலோ கலந்துவிட்டால் சீஸ் காணாமல் போய்விடும். எப்போதும் கடைசியில், மேலே.

படி 6: சீஸ் தோசை

ஓட்டல் சீஸ் தோசையில் வெண்ணெய் தடவி, அதன் மேல் சீஸைக் கொட்டி, மூடி எடுக்கும்போது மறுபடி வெண்ணெய் விடுவார்கள். வீட்டில் அந்த வெண்ணெயையும் எண்ணெயையும் எடுத்துவிட்டுச் சீஸை மட்டும் வைத்துக்கொள்வதுதான் சூட்சுமம். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 90 கலோரி இருப்பதால், சீஸின் 80 கலோரிக்கு இடம் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

பழகிய இரும்புக் கல்லை நன்றாகக் காயவைத்து, வெங்காயத்தை வெட்டி முள்கரண்டியில் குத்தி, அதில் நான்கு சொட்டு எண்ணெய் தொட்டுக் கல்லைத் தேய்த்துவிடுங்கள். ஒரு கரண்டி மாவை ஊற்றி மெல்லியதாகத் தேய்த்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி ஆகியவற்றைத் தூவுங்கள். மாவின் ஈரம் அடங்கி, ஓரம் இலேசாகத் தூக்கத் தொடங்கும்போது அடுப்பைக் குறைத்து, துருவிய சீஸைப் பரவலாகத் தூவி, ஒரு மூடியால் மூடுங்கள். நாற்பது நொடி போதும். மூடியைத் திறக்கும்போது துருவல் தனித்தனி இழைகளாகத் தெரியாமல் பளபளப்பான ஒரு படலமாக மாறியிருக்க வேண்டும். அதன் மேல் எண்ணெய் பிரிந்து முத்து முத்தாக நின்றால் சூடு கூடிவிட்டது என்று பொருள், அடுத்த தோசைக்கு நேரத்தைக் குறையுங்கள். மடித்து, உடனே சாப்பிடுங்கள். தொட்டுக்கொள்ளத் தக்காளிச் சட்னி பொருத்தம். எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி வேண்டாம்.

கொழுப்பு குறைக்கப்பட்ட சீஸ் இந்த இடத்தில் கைவிட்டுவிடும். புரத வலைக்கு நடுவே கொழுப்பு இருப்பதால்தான் சீஸ் இளகி ஓடுகிறது. கொழுப்பை எடுத்துவிட்டால் அது சூட்டில் உலர்ந்து ரப்பர்த் தோலாகிவிடுகிறது. அதைக் குளிர்ந்த சாண்ட்விச்சுக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 7: உருக்காமல் சாப்பிடும் நாள்

மாலைப் பசிக்குச் சீஸை பிஸ்கட்டோடு சாப்பிடுவது மைதாவையும் கொழுப்பையும் ஒன்றாகச் சேர்ப்பது. பழுக்கத் தொடங்கிய கொய்யாவையோ பேரிக்காயையோ மெல்லிய வில்லைகளாக வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் சுண்டுவிரல் நகமளவு செடாரை வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். இருபது கிராமில் பத்துப் பன்னிரண்டு வில்லை வரும். சீஸை முன்னதாகவே வெளியே எடுத்து வையுங்கள், ஏனெனில் குளிர்ந்த சீஸில் மணம் அடங்கியே இருக்கும். குளிர்நாடுகளில் அரைமணி, ஒருமணி நேரம் என்பார்கள்; சென்னையில் கால்மணி நேரத்துக்கு மேல் வைத்தால் கட்டி எண்ணெய் வேர்க்கத் தொடங்கிவிடும்.

படி 8: உடல் எடையை வாரம் ஒருமுறை மட்டும் பாருங்கள்

பீட்சா சாப்பிட்ட மறுநாள் காலையில் எடை அரைக் கிலோ ஏறியிருந்தால் பதற வேண்டாம். ஒரு கிலோ உடல்கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிகுதியாக வேண்டும்; ஒரு பீட்சாவில் அது முடியாது. உப்பு உடலில் தண்ணீரைத் தேக்கிவைப்பதுதான் காரணம். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புச் சேர்க்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சீஸ் சாப்பிடும் நாளில் ஊறுகாயையும் அப்பளத்தையும் விட்டுவிட்டால் இந்தக் கணக்கு பெரும்பாலும் கைக்குள் நிற்கும். ஒரே கிழமையில், காலையில், எதுவும் சாப்பிடுமுன் எடை பாருங்கள். நான்கு வாரம் கழித்தும் எண் இறங்கவில்லை என்றால், 20 கிராமை 15 ஆக்குவதற்கு முன், சோற்றின் அளவையும் தேநீரில் போகும் சர்க்கரையையும் பாருங்கள். பெரும்பாலும் கசிவு அங்கேதான் இருக்கும்.

இரண்டு கட்டி முடிந்த பிறகு, அதாவது ஏறத்தாழ மூன்று வாரத்தில், முதல் படியை மறுபடியும் செய்யுங்கள். எண்ணைப் பார்க்காமல், கை போன போக்கில் தட்டில் சீஸைத் தூவி, பிறகு தராசைப் பாருங்கள். 18-க்கும் 22-க்கும் இடையில் வந்தால் தராசை மேல் அலமாரியில் வைத்துவிடலாம். எனக்கு முதல்முறை 31 வந்தது; இன்னொரு கட்டியைப் பத்தாக வெட்டினேன்.