அடிக்கு 16 எழுத்து: கட்டளைக் கலித்துறையை எண்ணிப் பழகுவது எப்படி?

கட்டளைக் கலித்துறை ஒரு மரபுப் பா வடிவம். அதில் அடிக்கு ஐந்து சீர் (அசைகள் சேர்ந்த அலகு), பாட்டுக்கு நான்கு அடி. அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 (நேர், நிரை எவை என்பதைக் கீழே 2-இல் பாருங்கள்). இதை மட்டும் வைத்து விரல்விட்டு எண்ணினால் பாட்டு வராது. அந்தக் கணக்கு எங்கிருந்து பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

1. ஒற்றை, அதாவது புள்ளி வைத்த மெய்யெழுத்தை, எண்ணாமல் தள்ளுங்கள். பொள்ளாச்சி: பொ, ளா, சி. மூன்றே எழுத்து. ஈரோட்டின் 'டு' குற்றியலுகரம்தான் (குறைந்து ஒலிக்கும் உகரம்). ஆனாலும் எண்ண வேண்டும். அதுவும் மூன்று.

2. அசை பிரியுங்கள். இரண்டு குறில் இணைந்தாலும், குறிலும் நெடிலும் இணைந்தாலும் நிரை. மற்றவை நேர். ஈரசைச் சீர்களின் பெயர்கள்: நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நேர் நிரை கூவிளம், நிரை நிரை கருவிளம். கோ/வை தேமா, கொடு/முடி கருவிளம். பலரும் தவறுவது பவானியில்; ப/வா/னி என்று மூன்றாக வெட்டிவிடுகிறார்கள். குறிலை அடுத்து நெடில் வந்தால் பிரிக்கவே கூடாது: பவா/னி, புளிமா. ஒற்று நீங்கலாக நேருக்கு 1 எழுத்து, நிரைக்கு 2.

3. தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறை, பாருங்கள். மா முன் நிரை (மாவில் முடியும் சீரை அடுத்து வரும் சீர் நிரையில் தொடங்க வேண்டும்), விளம் முன் நேர், காய் (நேரில் முடியும் மூவசைச் சீர்) முன் நேர். கடைசிச் சீர் விளங்காய் (நடு அசை நிரையான காய்). முதல் நான்கில் விளங்காய் வரக்கூடாது.

இப்போது ஓர் அடி:

காவிரி நொய்யல் பவானி கலந்து கழனியெலாம்

3+2+3+3+5 = 16. நொய்யல் விளத்தைவிட ஓரெழுத்துக் குறைவான மா. அடுத்த சீர் நிரையில் தொடங்கி அதை ஈடுகட்டுகிறது. தளை தட்டாவிட்டால் (பிழைக்காவிட்டால்) கணக்கு தானே நிற்கும் என்பதன் சூட்சுமம் இதுதான்.

'பவானி'க்குப் பழம்பெயரான 'வானி'யைப் போட்டுப் பாருங்கள். மா முன் நேர் வந்துவிடும், 15 ஆகும். எழுத்துக் குறைந்தால் மா முன் நேர் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். கூடினால் விளம் அல்லது காய் முன் நிரையையோ, நடுவே புகுந்த விளங்காயையோ தேடுங்கள்.

எண்ணிக்கையை மட்டும் நம்பினாலும் ஆபத்து. 'காவிரி பவானி நொய்யல்' என்று மாற்றினாலும் 16தான். ஆனால் விளம் முன் நிரை ஒன்று, மா முன் நேர் ஒன்று என இரண்டு பிழைகள். ஒன்றின் கூடுதலை மற்றதன் குறை மறைத்துவிடுகிறது. வாய்விட்டுப் படித்தால் 'காவிரி'யை அடுத்து நாக்கு இடறும்.

4. ஈற்றடியை ஏகாரத்தில் முடியுங்கள். கொங்கு நாட்டின் பெருமை பாடும் நூலான கொங்கு மண்டல சதகம் பாட்டுக்குப் பாட்டு 'கொங்கு மண்டலமே' என்று முடிவது இந்த யாப்பில்தான். மண்/டல/மே கூவிளங்காய், பொருந்துகிறது. 'கொங்கு' தனியே நின்றால் தேமா, அடுத்து 'மண்' நேர், தளை தட்டும். முன்னால் ஓரசை ஒட்டுங்கள்: வளர்கொங்கு மண்டலமே.