காத்தாலை, கரண்டு, கேள்வித்தாள்: எனர்ஜி துறையில சர்வே எடுக்கறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசம் எங்க சர்வே டீம்ல புதுசா சேர்ந்த ரெண்டு பசங்க ஒரு கேள்வித்தாளை எடுத்துட்டு வந்து காட்டினாங்க. காத்தாலை வச்சிருக்கறவங்க என்ன சாஃப்ட்வேர் வச்சிருக்காங்க, எந்தத் தகவலைப் பார்த்து முடிவெடுக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கறதுக்கான சர்வே. ஏழாவது கேள்வி இப்படி இருந்துச்சு: "உங்கள் நிறுவனத்தில் ஸ்காடா பயன்படுத்தப்படுகிறதா? ஆம் / இல்லை." (ஸ்காடான்னா மிஷின்களோட டேட்டாவை தூரத்துல இருந்தே கம்ப்யூட்டர்ல பார்த்து கண்ட்ரோல் பண்ற சிஸ்டம்.) அந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு வயித்தைப் பிசைஞ்சுடுச்சு. ஏன்னா பல வருஷத்துக்கு முன்னாடி கிட்டத்தட்ட வார்த்தை மாறாம இதே கேள்வியை நான் எழுதியிருக்கேன், அதுக்கான விலையையும் கொடுத்திருக்கேன். அதனாலதான் இதை எழுதறேன்.

கேள்வித்தாள் நீளமா போகக்கூடாது, மெகாவாட்டையும் யூனிட்டையும் குழப்பிக்கக்கூடாது, இதெல்லாம் எல்லாரும் சொல்வாங்க, அதை விட்டுடறேன்.

மொத்தத்தையும் "எனர்ஜி"ன்னு ஒரே மூட்டையில கட்டறது

மணலி ரிஃபைனரி, நெய்வேலி நிலக்கரி, தூத்துக்குடி அனல்மின் நிலையம், முப்பந்தல் காத்தாலை, இது நாலும் எனர்ஜிதான். ஆனா உள்ள உக்காந்து வேலை பார்க்கறவங்க பேசற பாஷை நாலு விதம். அனல்மின் நிலைய கண்ட்ரோல் ரூம்ல போய் "ஸ்காடா இருக்கா சார்"னு கேட்டா, ஷிஃப்ட் இன்ஜினியர் "இல்லையே, எங்ககிட்ட டிசிஎஸ்தான்"னு உண்மையைச் சொல்லுவார் (டிசிஎஸ்ங்கறது பிளான்ட்டுக்குள்ளயே மிஷின்களைக் கண்ட்ரோல் பண்ற சிஸ்டம், டேட்டா காட்டற வேலையை அதுவும் செய்யும்). உங்க ஃபார்ம்ல "இல்லை"ன்னு டிக் விழும், அடுத்த பன்னெண்டு கேள்வியும் அவருக்கு ஸ்கிப் ஆயிடும். திரையில நூத்துக்கணக்கான சிக்னலை நொடிக்கு நொடி பார்த்துக்கிட்டு இருக்கற மனுஷன், உங்க ரிப்போர்ட்ல டெக்னாலஜியே பயன்படுத்தாதவரா போய் உக்காருவார். ஒவ்வொரு பிரிவுக்கும் போறதுக்கு முன்னாடி அங்க வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒருத்தரைப் பிடிச்சு கேள்வித்தாளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க. அவர் எந்த இடத்துல நெத்தியைச் சுருக்கறாரோ அந்த வார்த்தையை மாத்துங்க.

வாங்கினதையும் பயன்படுத்தறதையும் ஒண்ணா எண்றது

இதுதான் நான் செஞ்சது. இன்னைக்கு நினைச்சாலும் எரிச்சலா இருக்கு, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்காக சர்வே. காத்தாலை ஓனர்கள் மிஷின் டேட்டாவை எப்படிப் பார்க்கறாங்க, இன்னும் நல்ல டேஷ்போர்டு கொடுத்தா காசு கொடுப்பாங்களான்னு தெரியணும். தமிழ்நாட்டுல இருக்கற காத்தாலைங்கள்ல நிறைய மில்லுக்காரங்களோடது. கோயம்புத்தூர், திருப்பூர், உடுமலைப்பேட்டைப் பக்கத்து ஸ்பின்னிங் மில், பனியன் கம்பெனி எல்லாம் மிஷினை ஆரல்வாய்மொழியிலயும் கயத்தாறுலயும் நட்டுட்டு, வர்ற கரண்டை ஈபி லைன்ல ஏத்திட்டு, அதை மில்லோட கரண்டு பில்லுல கழிச்சுக்குவாங்க. ஓனர் இருக்கறது கோயம்புத்தூர்லன்னு நாங்களும் கோயம்புத்தூர்லயே இன்டர்வியூவை முடிச்சோம். நல்ல மனுஷங்க, காபி கொடுத்து, நேரம் ஒதுக்கிப் பேசினாங்க. "ஸ்காடா இருக்குதுங்களா?" "இருக்குதுங்க." "டேட்டா பார்ப்பீங்களா?" "தினமும் காலையில பார்த்துருவனுங்க, அதைப் பார்க்காம காபியே இறங்காதுங்க." கிட்டத்தட்ட எல்லாருமே இப்படித்தான் சொன்னாங்க. நாங்களும் தினசரி பயன்பாடு ரொம்ப அதிகம், அடுத்த கட்ட அனலிட்டிக்ஸுக்கு மார்க்கெட் தயார்னு அழகா கிராஃப் போட்டு ரிப்போர்ட் கொடுத்துட்டோம்.

அதை நம்பி அந்தக் கம்பெனி ஆள் போட்டு ஒரு வருஷம் உழைச்சு புராடக்ட் பண்ணாங்க. டிரையலுக்கு சும்மாவே கொடுத்தாங்க. யாரும் லாகின் பண்ணலை. முதல் வாரம் ரெண்டு மூணு பேர் திறந்து பார்த்திருக்காங்க, அவ்வளவுதான். என்ன ஆச்சுன்னு பார்த்துட்டு வரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினாங்க. அன்னைக்குத்தான் முதல் தடவையா ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு காத்தாலைக்கு அடியில போய் நின்னேன். ரிப்போர்ட் எழுதறதுக்கு முன்னாடி போயிருக்கணும்.

அங்க ஆபரேட்டர் ஒருத்தர், பக்கத்து ஊர்க்காரர். பழைய 250 கிலோவாட் மிஷின். டவர் அடியில இருக்கற பேனலைத் திறந்து, சின்ன டிஸ்ப்ளேல ஓடற நம்பரை ரிஜிஸ்டர்ல எழுதினார், அதையே போன்ல ஒரு போட்டோ எடுத்தார். "இத என்ன செய்வீங்க"ன்னேன். "குரூப்புல போட்டுருவேன் சார். மில்லுல இருந்து காலைல ஏழு மணிக்கே கேட்டுருவாவ." சரி, சைட் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் இருக்கே, அதுல ஸ்காடா ஓடுதேன்னு கேட்டா, "அது புது மிஷினுக்கு மட்டுந்தான், பாஸ்வேர்டு ஓ அண்ட் எம் கம்பெனிக்காரவங்ககிட்ட இருக்கு, எங்க மொதலாளி அதப் பார்த்ததே இல்ல சார்"ன்னார். ஓ அண்ட் எம்னா மிஷினை ஓட்டிப் பராமரிக்கற கம்பெனி.

கோயம்புத்தூர்ல ஓனர் தினமும் பார்த்தது அந்த வாட்ஸ்அப் போட்டோவைத்தான். அவர் பொய் சொல்லலை. அவரைப் பொறுத்தவரைக்கும் காலையில போன்ல வர்ற அந்த நம்பருக்குப் பேர்தான் ஸ்காடா. பொய்யான ரிப்போர்ட்டை எழுதினது நான்தான், ஏன்னா "கடைசியா பார்த்ததை எனக்கும் கொஞ்சம் காட்டுங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவர் அங்கேயே போனை எடுத்துக் காட்டியிருப்பார்.

அதுக்கப்புறம்தான் அந்த நம்பர் போற வழியை முழுசா தொடர்ந்து போய்ப் பார்த்தேன். பேனல்ல இருந்து ரிஜிஸ்டர், ரிஜிஸ்டர்ல இருந்து வாட்ஸ்அப், அங்க இருந்து மில் அக்கவுண்ட்ஸ்ல ஒரு அம்மா எக்ஸெல்ல ஏத்துவாங்க. மாசக் கடைசியில ஈபி மீட்டர்ல ஜாயின்ட் ரீடிங் எடுப்பாங்க, அந்த ஸ்டேட்மென்ட் வந்ததும் இவங்க எக்ஸெல்லையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்பாங்க. ரெண்டும் ஒத்துப்போகாது, ஏன்னா ஒண்ணு ஜெனரேட்டர்கிட்ட எடுக்கறது, இன்னொண்ணு ஈபி மீட்டர்ல எடுக்கறது, நடுவுல டிரான்ஸ்ஃபார்மர்லயும் லைன்லயும் இழப்பு இருக்கு. வித்தியாசம் வழக்கத்தை விட அதிகமா இருந்தா அப்பதான் போன் பறக்கும். அந்த அம்மாதான் அந்த மில்லுல காத்தாலை டேட்டாவை உண்மையிலேயே பயன்படுத்தற ஒரே ஆள். எங்க சாம்பிள்ல அவங்களோ அவங்களைப் போல வேற யாருமோ கிடையாது, எல்லாரும் மேனேஜிங் டைரக்டர்.

அவங்ககிட்ட உக்காந்து பேசினப்போ தேவை என்னன்னு அரை மணி நேரத்துல தெரிஞ்சுடுச்சு. அவங்களுக்கு அனலிட்டிக்ஸ் வேண்டாம், கலர் கலரா கிராஃப் வேண்டாம். "நல்ல காத்து அடிச்ச அன்னைக்கு மிஷின் ஆறு மணி நேரம் நின்னுருக்குங்க. மிஷின் ரிப்பேரா, இல்ல லைன்ல கரண்டு இல்லாம நின்னுச்சா? ஓ அண்ட் எம்காரங்க கிரிட்டுங்கறாங்க. நான் எதை வச்சுக் கேக்கறது?" இதுதான் அவங்க கேள்வி. பராமரிப்பு ஒப்பந்தத்துல மிஷின் இத்தனை சதவீத நேரம் ஓடற நிலையில இருக்கணும்னு கேரண்டி இருக்கும், லைன் இல்லாத நேரத்தை அதுல கழிச்சுக்குவாங்க. அப்போ நின்ன நேரத்துக்கு யார் பொறுப்புங்கறதுல காசு இருக்கு. ஆனா அதுக்கான ஆதாரம் இருக்கற கம்ப்யூட்டரோட பாஸ்வேர்டு, பதில் சொல்ல வேண்டிய கம்பெனிகிட்டயே இருக்கு. இதை சர்வேல கண்டுபிடிச்சுக் கொடுத்திருந்தா அந்த சாஃப்ட்வேர் கம்பெனி வேற ஒரு புராடக்ட்டைப் பண்ணியிருக்கும். பண்ணலை. எங்களுக்கு பேசியிருந்த அடுத்த கட்ட வேலையும் போச்சு, அது போனதுல நியாயம் இருக்கு.

அதனால இப்போ நான் யாருக்கும் "பயன்படுத்தறீங்களா"ன்னு கேக்க விடறதில்ல. கடைசியா மிஷின் நின்னது எப்போ, எப்படித் தெரிஞ்சுது, முதல்ல யாருக்கு போன் பண்ணீங்க, அவர் எதைத் திறந்து பார்த்தார், அதை இப்போ காட்ட முடியுமா, இந்த வரிசையிலதான் கேக்கணும். ஒரே நம்பரைப் பத்தி ஆபரேட்டர், சைட் இன்சார்ஜ், அக்கவுண்ட்ஸ், ஓனர்னு நாலு பேர்கிட்ட தனித்தனியா கேக்கணும். நாலும் ஒரே மாதிரி வராது. எந்த இடத்துல மாறுதுன்னு பாருங்க, உங்க கிளையண்டுக்குத் தேவையானது பெரும்பாலும் அங்கதான் இருக்கும்.

இதே தப்பு இப்போ ஸ்மார்ட் மீட்டர்லயும் கிளம்பியிருக்கு. 2021-ல வந்த மத்திய அரசுத் திட்டத்துல 25 கோடி மீட்டர்னு இலக்கு வச்சாங்க. உடனே எல்லா ரிப்போர்ட்லயும் எத்தனை மாட்டியாச்சுங்கற கணக்கை எடுத்து அதையே டேட்டா பயன்பாடுன்னு போடறாங்க. மீட்டர் அரை மணிக்கோ 15 நிமிஷத்துக்கோ ஒரு தடவை பதிவு பண்ற டேட்டாவை எந்த ஆபீஸ்ல, எந்த சீட்ல, யார் திறந்து பார்க்கறாங்கன்னு போய்க் கேட்டுட்டு எழுதுங்கப்பா.

ஆன்லைன் பேனல்

வேண்டாம். கூப்பன் கொடுத்து ஆன்லைன்ல சர்வே நிரப்ப வைக்கற ஆள் பட்டியல்தான் அது, சப்ஸ்டேஷன் ஆபரேட்டர் யாரும் கூப்பனுக்காக ஃபார்ம் நிரப்பறதில்ல.

சீசன் தெரியாம கிளம்பறது

மே பாதியில இருந்து செப்டம்பர் வரைக்கும் காத்து சீசன். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு சொல்ற மாசத்துல டெக்னீஷியன்கிட்ட போய் நாப்பது நிமிஷம் கேட்டா அவர் எப்படிக் கொடுப்பார்? ஒரு மிஷின் ஒரு நாள் நின்னா அந்த வருஷ வருமானத்துல ஓட்டை. சரின்னு டிசம்பர்ல போனா எல்லாரும் ஃப்ரீயா இருப்பாங்க, நல்லா பேசுவாங்க, ஆனா "பிரச்சனை ஒண்ணும் இல்ல சார்"ம்பாங்க, ஏன்னா அப்போ மறந்திருப்பாங்க. நான் ரெண்டு தடவை போறேன். சீசன்ல கேள்வி கேக்காம ஒரு ஓரமா நின்னு பார்க்கறது, குறிச்சுக்கறது. சீசன் முடிஞ்சப்புறம் அந்தக் குறிப்பை வச்சுக்கிட்டு "ஜூலைல அன்னைக்கு ராத்திரி ஃபீடர் டிரிப் ஆகி லைன் போச்சே"ன்னு ஆரம்பிச்சா கதை தானா வரும்.

மிஷினை எண்ணி மார்க்கெட் சைஸ் போடறது

ஆயிரக்கணக்குல மிஷின் இருக்கு, ஒரு மிஷினுக்கு இவ்வளவுன்னு பெருக்கினா பெரிய தொகை வரும், கிளையண்டும் சந்தோஷப்படுவார். ஆனா முடிவெடுக்கற ஆள் எத்தனை பேர்? ஓனர் அம்பது பேர் இருந்தாலும் பராமரிக்கறது ஒரே கம்பெனியா இருக்கலாம். ஃபோர்காஸ்ட் (எப்போ எவ்வளவு கரண்டு வரும்னு முன்கூட்டியே கணிக்கறது) விஷயத்துல, பல மிஷினோட கரண்டு ஒண்ணா வந்து சேர்ற பூலிங் சப்ஸ்டேஷன்ல இருக்கற எல்லா மிஷினுக்கும் சேர்த்து ஒரே ஒருங்கிணைப்பு ஏஜென்சிதான் ஷெட்யூல் கொடுக்கும். அப்போ அம்பது ஓனருக்கு வாங்கறவர் ஒருத்தர்தான். கையெழுத்துப் போடற பேனாவை எண்ணுங்க.

ரூலைப் படிக்காம இறங்கறது

இந்தத் துறையில காசு கொடுத்துத் தகவல் வாங்கறதுக்குப் பின்னாடி பெரும்பாலும் ஒரு உத்தரவு இருக்கும். ஒரு நாளைக்கு 15 நிமிஷக் கணக்குல 96 பிளாக், ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு உற்பத்தி வரும்னு முன்கூட்டியே சொல்லணும், ரொம்ப விலகினா காசு கட்டணும்னு காத்தாலைக்கும் சோலாருக்கும் ரூல் வந்தப்புறம்தான் (தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தோடது 2019) ஃபோர்காஸ்ட்டுங்கற பொருளுக்கே இங்க கடை திறந்துச்சு. அதுக்கு முன்னாடி கேட்டிருந்தா "காத்து சாமி கொடுக்கறது, அதை என்னத்த கணிக்கறது"ன்னு சொல்லியிருப்பாங்க. 2020 ஜூன்ல ரியல் டைம் மார்க்கெட் (கொஞ்ச நேரத்துல வேண்டிய கரண்டை உடனே வாங்கி விக்கற சந்தை) வந்து அரை மணிக்கு ஒரு ஏலம்னு ஆனதும் மின்சாரம் வாங்கி விக்கற டெஸ்க்குகளோட தகவல் தேவையே மாறிப்போச்சு.

வரி விஷயமும் இதுல சேர்த்தி. மில்லுக்காரங்கள்ல பல பேர் காத்தாலை வாங்கினதே தேய்மானக் கழிவுக்காக (மிஷின் விலையில ஒரு பங்கை வருமான வரிக் கணக்குல கழிச்சுக்கறது). அந்த 80 சதவீதக் கழிவை 2012-ல எடுத்து 2014-ல திரும்பக் கொடுத்தாங்க, 2017-ல 40 சதவீதமா குறைச்சுட்டாங்க. அதனால இந்த ஓனர்கள்கிட்ட "மிஷின் பத்தி யார் பேச்சைக் கேப்பீங்க"ன்னா ஆடிட்டர்னு பதில் வரும். உங்க ஆப்ஷன் லிஸ்ட்ல ஆடிட்டர் இருக்காரா?

வெளியில கிடக்கற நம்பரை இன்டர்வியூல கேக்கறது

நாட்டோட மின்தொகுப்பை இயக்கற கிரிட் இந்தியாவும் மத்திய மின்சார ஆணையமும் தினமும் ரிப்போர்ட் போடறாங்க. படிச்சுட்டுப் போங்க.

நெட்வொர்க் பத்தி துருவறது

2019 அக்டோபர்ல கூடங்குளத்துல நிர்வாக நெட்வொர்க்கோட இணைஞ்சிருந்த ஒரு கம்ப்யூட்டர்ல மால்வேர் இருந்ததை அணுமின் கழகமே உறுதிப்படுத்துச்சு, கண்ட்ரோல் சிஸ்டம் தனின்னும் சொன்னாங்க. அதுக்கப்புறம் மின்துறையில யார்கிட்ட போய் "உங்க சிஸ்டம் எதோட இணைஞ்சிருக்கு, ரிமோட் ஆக்சஸ் இருக்கா"ன்னு கேட்டாலும் முகம் மாறிடும். மாறணும், அதுதான் சரி. நம்மகிட்ட அந்த விவரம் எக்ஸெல்ல கிடக்கறதே ஆபத்து. ஆனா பழைய கேள்வித்தாளை காப்பி பண்றப்போ அந்தப் பகுதியும் கூடவே வந்துடுது.

ஒரு தடவை சப்ஸ்டேஷன் ஒண்ணுல பர்மிஷனுக்காக எஸ்இ (சூப்பரின்டெண்டிங் இன்ஜினியர்) ஆபீஸ்ல கேள்வித்தாளைக் கொடுத்தேன். எஸ்இ பொறுமையா படிச்சு, நெட்வொர்க் பத்தின அஞ்சு கேள்வியையும் சிவப்பு மசியில அடிச்சுட்டு மீதிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை அப்படியே எடுத்துட்டுப் போய் சப்ஸ்டேஷன்ல இருந்த ஏஇகிட்ட (அசிஸ்டென்ட் இன்ஜினியர்) காட்டினேன். எஸ்இ அடிச்சிருந்த வரிகளை ஏஇ முதல்ல பார்த்தார், அப்புறம் சேரை இழுத்துப் போட்டு உக்காரச் சொல்லி டீ வரவழைச்சார். லாக் ஷீட்டை எப்படி எழுதறாங்க, ராத்திரி ஷிஃப்ட்ல எந்தத் தகவலுக்காக எத்தனை போன் பண்ண வேண்டியிருக்கு, எந்த ஸ்க்ரீனை யாரும் தொடறதில்லைன்னு ரெண்டு மணி நேரம் அவரா பேசினார்.